ஜன்னல் கண்ணாடியில் போகாத வெள்ளை: கறையா, அரிப்பா?

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலுக்கு நேர் மேலே மொட்டைமாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப் நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகாத வீடு ஏது? தொட்டி நிரம்பும், போர் தண்ணீர் சன்ஷேடில் கொட்டும், அங்கிருந்து தெறித்துக் கண்ணாடியில் வழியும், மத்தியான வெயிலில் காயும். வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கூத்து நடக்கும். பல வருடங்கள் இப்படியே போனது. ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்தபோதுதான் கவனித்தேன். கண்ணாடியின் இடது பக்கம் முழுக்க, திருநீறு பூசி அழித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வரிகள்.

சோப்பு போட்டுத் துடைத்தேன். கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம் அடித்தேன். பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். ஈரம் இருக்கும்வரை கண்ணாடி பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் வெள்ளை அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் போட்டோ எடுத்துக்கொண்டு தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். "என்ன அண்ணே, எதைப் போட்டாலும் போகமாட்டேங்குது?" என்றேன். போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மேல உட்கார்ந்திருக்கிற உப்பு போயிடும் சார். கண்ணாடியையே தின்னுட்டுப் போன இடம் எப்படிப் போகும்?"

இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அழுக்கு இல்லை. கண்ணாடியின் மேல் ஏதோ ஒட்டியிருப்பது ஒன்று. கண்ணாடியின் மேற்பரப்பே கரைந்து பொரிந்துபோயிருப்பது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வைத்தியம்தான் வேறு.

கண்ணாடியைத் தண்ணீர் கரைக்குமா?

கரைக்கும், மிக மெதுவாக. நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். ஊறுகாயிலிருந்து ஆசிட் வரை கண்ணாடி ஜாடியில்தானே வைக்கிறோம்?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பலர், தண்ணீரை நீண்ட நாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று நம்பிவந்தார்கள். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் உண்மையிலேயே கொஞ்சம் மண் மாதிரி தங்கவும் செய்தது. பிரான்சின் வேதியியல் அறிஞர் லாவோசியே இதைச் சோதித்துப் பார்த்தார். ஆவி வெளியே போகாமல் குளிர்ந்து மறுபடி உள்ளேயே விழும்படி அமைந்த ஒரு கண்ணாடிக் கலத்தில் தண்ணீரை 101 நாள் சூடாக்கினார். முன்னும் பின்னும் எல்லாவற்றையும் எடை போட்டார். தண்ணீரின் எடை மாறவில்லை, கலத்தின் எடைதான் குறைந்திருந்தது. மண் என்று நினைத்தது கண்ணாடியிலிருந்து கரைந்து வந்த சரக்கு. 1770இல் அவர் இதை அறிவித்தார். நம் ஜன்னலில் நடப்பதும் அதேதான். அடுப்புக்குப் பதில் வெயில், 101 நாளுக்குப் பதில் சில வருடங்கள்.

கரைவது எப்படி என்று பார்க்க, கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஜன்னல் கண்ணாடியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிலிக்கா, அதாவது மணலின் சாரம். மணலை மட்டும் உருக்க வேண்டுமென்றால் 1,700 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும். அது கட்டுப்படியாகாது என்பதால் சோடா சாம்பலைச் சேர்த்து உருகும் சூட்டைக் குறைக்கிறார்கள். சோடா மட்டும் சேர்த்தால் வருகிற கண்ணாடி தண்ணீரில் கரைந்தே போகும். அதைக் கட்டிப்போடச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். மணல், சோடா, சுண்ணாம்பு. நம் வீட்டு ஜன்னல், சோடா பாட்டில், டீக்கடை கிளாஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதில் பலவீனமான ஆள் சோடாவில் இருக்கும் சோடியம். சிலிக்கா ஒரு வலை மாதிரி பின்னிக் கிடக்கிறது. அதன் இடுக்குகளில் சோடியம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, இறுக்கமான பிணைப்பு இல்லை. தண்ணீர் மேலே தங்கினால் சோடியம் மெல்ல வெளியே வரும். அதன் இடத்துக்குத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போகும். வெளியே வந்த சோடியம் அந்தத் துளியைக் காரமாக்கும். துளி சின்னது, ஓடிப்போகாமல் அங்கேயே தங்கியிருக்கிறது, காயக் காயக் கெட்டியாகிறது. காரம் ஏறிக்கொண்டே போகும். காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் அளவு 9ஐத் தாண்டியதும் ஆட்டம் மாறிவிடும். அதுவரை அசையாமல் நின்ற சிலிக்கா வலையே அறுந்து கரையத் தொடங்கும்.

அதனால்தான் மழையில் நனைகிற ஜன்னலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மழை அடித்துக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தங்குகிற தண்ணீர்தான் வில்லன். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக் குடோனுக்குப் போங்கள். அடுக்கி வைத்த இரண்டு தாள்களுக்கு நடுவே ஈரம் புகுந்து பல நாள் நின்றால், புத்தம்புதுக் கண்ணாடியில்கூட வானவில் நிறத்தில் திட்டுகளும் பால் மாதிரி வெண்மையும் வந்துவிடும். தாள்களுக்கு நடுவே காகிதமோ பொடியோ போட்டு அடுக்குவது உரசாமல் இருக்க மட்டுமல்ல. அந்தப் பொடிகளில் சிலவற்றில் லேசான அமிலம் கலந்திருக்கும், வெளியே வரும் காரத்தை அங்கேயே அடக்க.

தண்ணீரைவிட அவசரக்காரர்கள் இருவர்

முதல் ஆள் சிமெண்ட். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் தண்ணீரின் பிஎச் 12க்கும் மேலே. அரிப்பு தொடங்கும் எல்லையே 9 என்று பார்த்தோம். மாடியில் பூச்சு வேலை நடக்கிறது, சிமெண்ட் பால் கீழ் ஜன்னலில் வழிகிறது, "வேலை முடிஞ்சதும் மொத்தமா கழுவிக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. அந்த மொத்தமாகக் கழுவும் நாள் வருவதற்குள் கண்ணாடியில் நிரந்தரக் கோடுகள் விழுந்திருக்கும். இதில் இன்னொரு கஷ்டம், காய்ந்த சிமெண்டில் மணல் இருக்கிறது. மணல் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்ததைச் சுரண்டினால் அரிப்பு இல்லாத இடத்திலும் கீறல் விழும்.

அடுத்த ஆள் ஃபுளோரைடு கலந்த அமிலம். இங்கே ஒரு பொதுவான குழப்பம் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வாங்குகிறோமே, அந்தச் சாதாரண ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் அதைக் கண்ணாடி பாட்டிலில்தான் வைக்கிறார்கள். அது கெடுப்பது அலுமினியச் சட்டத்தை, கீலை, மொசைக் தரையை. கண்ணாடியைத் தின்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அதன் தம்பி அமோனியம் பைஃபுளோரைடு. கல், டைல்ஸ், செங்கல் சுவர், கார் சக்கரம் ஆகியவற்றைப் பளிச்சென்று ஆக்கும் சில கிளீனர்களில் இவை இருக்கும். சுவர் கழுவும்போது தெறித்தால் கண்ணாடியில் சில நிமிடங்களில் பால்வெள்ளைப் புள்ளிகள் விழும். சிலிக்கா வலையை ஃபுளோரின் நேரடியாகப் பிய்த்துக் கரைத்துவிடுகிறது. கண்ணாடியில் பூவும் கொடியும் பனிப்படலமாக வரைந்து தருகிறார்களே, அந்த எட்சிங் வேலையில் காலங்காலமாகப் பயன்பட்டதும் இந்த அமிலம்தான்.

இதைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்து வரும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். பட்டது தெரிந்தால் அந்த நிமிடமே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. என்ன பட்டது என்று தெரிந்தால்தான் அவர்கள் அதற்கான மருந்தான கால்சியம் குளுக்கோனேட் போடுவார்கள். "கண்ணாடிக் கறைக்கு ஸ்பெஷல் ஆசிட்" என்று லேபிள் இல்லாத பாட்டிலை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது வேலை செய்யும். ஆனால் கறையோடு கண்ணாடியின் தோலையும் உரித்துத்தான் வேலை செய்யும்.

ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் வருவது ஏன்?

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான். சமையலறைக்குப் போய் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுவந்து, அந்த வெள்ளைத் திட்டின் மேல் தடவிப் பாருங்கள். தடவிய இடம் மட்டும் தெள்ளத் தெளிவாகிவிடும். எதிர்வீட்டு மாடி தெரியும். சுற்றிலும் மங்கல், நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல்.

அரித்துப்போன கண்ணாடியின் மேற்பரப்பு நுண்ணிய குழிகளால் ஆனது. ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). குழிகளும் அந்த அளவை எட்டிவிட்டால் ஒளி நேராகப் போகாமல் நாலாபக்கமும் சிதறும். சிதறிய ஒளிதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உப்பும் சர்க்கரையும் பொடியாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். அங்கே வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது, காற்றின் ஒளிவிலகல் எண் 1, கண்ணாடிக்கு 1.52. குழிக்குள் தண்ணீர் நிரம்பினால் வித்தியாசம் குறைகிறது, தண்ணீருக்கு 1.33. தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.45, கண்ணாடிக்கு இன்னும் பக்கம். அதனால் குழி இருப்பதே ஒளிக்குத் தெரியாமல் போய்விடுகிறது. தண்ணீர் காய்ந்ததும் குழியில் மறுபடி காற்று, மறுபடி வெள்ளை.

இதை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. எண்ணெய்ப் பசையோ சிலிக்கானோ கலந்த ஏதாவது ஒன்றைத் தடவி, "பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவினால் பழைய கதை. வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் காட்டச் சொல்லுங்கள், காசு அப்புறம்.

முதலில் உப்பைக் கழற்றுவோம்

என்ன நோய் என்று தெரியாமல் கனமான சிகிச்சைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். மேலே உப்புப் படிவு, அதற்கு அடியில் கொஞ்சம் அரிப்பு. மேல் அடுக்கை எடுத்தால்தான் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியும்.

நம் ஊர்ப் போர் தண்ணீரின் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பானையிலும் கீசரிலும் படியுமே, அதே சரக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் கண்ணாடி மேல் காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு மிஞ்சும். பல இடங்களில் போர் தண்ணீர் அந்த 600ஐயும் தாண்டும்.

கார்பனேட் அமிலத்துக்குக் கட்டுப்படும். வெள்ளை வினிகர் போதும். அல்லது மளிகைக்கடை சிட்ரிக் ஆசிட் பொடியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்துக்கொள்ளுங்கள். தெளித்துவிட்டு உடனே துடைத்தால் பயன் இல்லை, செங்குத்துக் கண்ணாடியில் அது வழிந்து போய்விடும். மெல்லிய பருத்தித் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ அதில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். இருபது நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். படிவு தடிமனாக இருந்தால் மூன்று நான்கு சுற்று ஆகும். உடனே பொறுமை இழந்து கம்பி நாரைத் தேடாதீர்கள்.

செய்யும் முன் ஜன்னல் திண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்புக் குடும்பம். கண்ணாடியில் இருக்கும் படிவைக் கரைக்கும் வினிகர் இவற்றின் பளபளப்பையும் கரைத்துவிடும். பிளாஸ்டிக் தாளைத் திண்டின் மேல் விரித்து டேப் ஒட்டிக்கொண்டால் நிம்மதி. இன்னொன்று, ஆசிட் எதையும் பிளீச்சிங் பவுடர் உள்ள எதனோடும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

சவர பிளேடால் சுரண்டலாமா என்று பலர் கேட்பார்கள். சாதாரணக் கண்ணாடியில், நன்றாக ஈரமாக்கி, படுக்கை வாட்டில் பிடித்து, ஒரே திசையில் தள்ளினால் சுரண்டலாம். பிளேடைப் பின்னால் இழுக்கக் கூடாது. சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியில் வேண்டாம். அதைச் சூளையில் போட்டு எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் மேலே ஒட்டியிருக்கலாம். பிளேடு அதைப் பிய்த்து இழுத்துக்கொண்டே போய் நீளமாகக் கீறிவிடும்.

இதெல்லாம் முடித்து, கழுவி, முழுக்கக் காயவைத்துப் பாருங்கள். தெளிவாகிவிட்டதென்றால் உங்களுக்கு இருந்தது கறைதான், மேலே படிக்க வேண்டிய அவசியமில்லை. நகத்தால் வருடினால் வழுவழுவென்று இருக்கிறது, ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனாலும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கல் தெரிகிறதென்றால் அது மேலோட்டமான அரிப்பு, சரிசெய்யலாம். நகம் தட்டுகிறதென்றால் ஆழம் அதிகம்.

ரிப்பேர் என்றால் நிரப்புவதல்ல, தேய்த்து இறக்குவது

இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். கரைந்துபோன கண்ணாடியை யாராலும் திரும்பக் கொண்டுவந்து வைக்க முடியாது. நாம் செய்வதெல்லாம், குழிகளைச் சுற்றி இன்னும் உயரமாக நிற்கிற கண்ணாடியைக் குழியின் மட்டத்துக்குத் தேய்த்து இறக்குவதுதான். வழுவழுப்பான அம்மியைக் கொத்திக் குழி போடுவார்களே, அதற்கு நேர் தலைகீழ் வேலை.

அதற்குப் பயன்படும் பொடி சீரியம் ஆக்சைடு. வெளிர் ரோஸ் அல்லது செங்கல் தூள் நிறத்தில் இருக்கும். லென்ஸ் தேய்க்கிறவர்கள் முன்பு இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்தினார்கள், கைகால் துணியெல்லாம் சிவப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சீரியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, வேகமும் அதிகம், தொல்லையும் குறைவு. சீரியம் எங்கோ தூரத்துச் சரக்கு இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள அரிய மண் தனிமங்களில் பெரிய பங்கு சீரியத்துக்குத்தான்.

இந்தப் பொடியின் சிறப்பு, அது உப்புத்தாள் மாதிரி வெறுமனே சுரண்டுவதில்லை. கடினத்தில் கண்ணாடிக்கு ஏறத்தாழச் சமம்தான். தண்ணீர் பட்டு லேசாக இளகிய கண்ணாடித் தோலை அது வேதியியல் முறையில் பிடித்து, மிக மெல்லிய அடுக்காக இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் கீறல் விடாது. அதனாலேயே தண்ணீர் இல்லாமல் வேலையும் செய்யாது. ஜன்னலைக் கெடுத்ததும் தண்ணீர், அதைச் சரிசெய்யத் துணைக்கு வருவதும் தண்ணீர்.

எவ்வளவு தேய்ந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் 4,000 மைக்ரான். மேலோட்டமான அரிப்புக்கு நாம் எடுப்பது சில மைக்ரான். தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல். பயப்பட வேண்டியது தடிமன் குறைவதற்கு அல்ல, ஒரே இடத்தில் குறைவதற்கு. அங்கேதான் ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு புள்ளியையே குறிவைத்துத் தேய்த்தால் அங்கே ஆழமில்லாத கிண்ணம் மாதிரி விழுந்துவிடும். வெள்ளை போய்விட்டதே என்று சந்தோஷப்படும் நேரத்தில், அதன் வழியாகத் தெரியும் எதிர்வீட்டுச் சுவர் தலையை அசைக்கும்போதெல்லாம் நெளியும்.

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். கழற்ற முடிந்த கதவு என்பதால் கழற்றி, மேஜையில் பழைய போர்வை விரித்துப் படுக்க வைத்தேன். மாடி ஜன்னலில் எட்டி நின்று செய்வதைவிட இது நூறு மடங்கு பாதுகாப்பு. கெட்டுப்போன இடத்தை மறுபக்கத்திலிருந்து மார்க்கர் பேனாவால் வட்டமிட்டேன். பொடி பூசியதும் எங்கே தேய்க்கிறோம் என்றே தெரியாது, இந்த வட்டம் இல்லையென்றால் குருட்டு வேலை. ரப்பர் பீடிங்கையும் சட்டத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடினேன். பொடியைத் தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கரைத்துக்கொண்டேன். பேட்டரி டிரில்லில் ஃபெல்ட் பேட், அதாவது அழுத்திய கம்பளி வட்டு, மாட்டிக்கொண்டேன். கையில் தண்ணீரும் ஒயரும் ஒன்றாக வேண்டாம் என்பதால்தான் பேட்டரி டிரில்.

வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குள் போதும். டைல்ஸ் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும், அதைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. சூடுதான் முதல் எதிரி. ஓர் இடம் சூடாகி, பக்கத்து இடம் குளிர்ந்திருந்தால் கண்ணாடி விரிசல் விடும். பேடை வைத்த இடத்தில் நிறுத்தாமல், வட்டத்தைத் தாண்டி ஒரு சாண் வெளியே வரை, மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். பொடி காய்ந்து உலர்ந்தால் பேட் இழுபடும், சத்தம் மாறும். அதற்கு முன்பே ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு மாஸ்க், கைக்குக் கையுறை.

உள்ளங்கை அகலத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கழுவித் துடைத்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பார்த்தபோது முக்கால்வாசி போயிருந்தது. மறுபடி ஒரு சுற்று. நெளிவு வந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியை நிறுத்தி அதன் வழியாக ஜன்னல் கிரில் கம்பிகளைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசைத்தேன். கம்பிகள் நேராக நின்றன. ஒரு மூலையில் மட்டும் ஒரு கம்பி லேசாக வளைந்து நிமிர்ந்தது. அந்த மூலையில் ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் ஒரே இடத்தில் அழுத்தியிருந்தேன். உங்கள் முதல் சோதனையை, சோபாவுக்குப் பின்னால் மறையப்போகிற ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழமான அரிப்புக்கு, வைரப் பொடியோ சிலிக்கான் கார்பைடோ உள்ள தட்டுகளால் முதலில் சொரசொரப்பாகத் தேய்த்து, படிப்படியாக மென்மையாக்கி, கடைசியில் சீரியத்துக்கு வருகிற முறையும் இருக்கிறது. அதற்கென்றே மெஷினும் பழகிய கையும் வேண்டும். ஆரம்பக்காரர் செய்தால் ஒரு நோய் போய் இன்னொன்று வரும்.

எதைத் தொடவே கூடாது

வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னுகிற ரிஃப்ளெக்டிவ் கண்ணாடிகளில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிகளிலும் அப்படித்தான். பூச்சு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாலிஷ் போட்டால் கறையோடு பூச்சும் போய், நடுவில் வழுக்கை விழுந்த மாதிரி ஆகிவிடும். வாங்கிய இடத்தில் கேட்டுக்கொண்டு தொடுங்கள். சன் ஃபிலிம் ஒட்டிய பக்கமும் அதே கதை. கார் முன்கண்ணாடியில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், ஓட்டும்போது சாலை நெளிந்தால் சிரிக்க முடியாது.

மற்றபடி, மூலையில் முத்திரை குத்திய டஃபன்ட் கண்ணாடியை லேசாகப் பாலிஷ் செய்யலாம். அதை அறுக்கத்தான் முடியாது. டபுள் கண்ணாடிக்கு நடுவில் மங்கினால் அது அரிப்பு இல்லாமலும் இருக்கலாம், சீல் விட்டுப்போய் ஈரம் புகுந்திருக்கும். வெளியிலிருந்து எதைத் தேய்த்தும் பயனில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "புதுக் கண்ணாடியே போட்டுவிடலாமே" என்று தோன்றினால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மரச் சட்டத்தில் பீடிங் அடித்து மாட்டிய சாதாரண 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு, ஒரு நாள் முழுக்கப் பாலிஷ் போடும் உழைப்பைவிடப் புதிதாக அறுத்துவந்து மாட்டுவது மலிவு. பாலிஷ் போடுவது அர்த்தமுள்ளதாவது பெரிய ஷோரூம் கண்ணாடிக்கும், கிரேன் வைத்து இறக்க வேண்டிய மாடிக் கண்ணாடிக்கும், இப்போது கிடைக்காத நிறக் கண்ணாடிக்கும், அல்லது என்னைப் போல் ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலை இல்லாதவருக்கும்தான்.

வீட்டில் பூச்சு வேலையோ டைல்ஸ் வேலையோ தொடங்கப்போகிறதென்றால், மேஸ்திரி வருவதற்கு முன் ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். அதையும் மீறிச் சிமெண்ட் பால் பட்டால் காயும் முன் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடுங்கள். ஷவர் கண்ணாடிக்குக் குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஓர் இழுப்பு. தண்ணீர் ஒட்டாத கோட்டிங்குகள் சந்தையில் இருக்கின்றன. துளி தங்காமல் உருண்டு போக உதவும், ஆனால் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும்.

எங்கள் ஜன்னலுக்குப் பிளம்பர் வந்து ஓவர்ஃப்ளோ பைப்பில் ஒரு எல்போவும் நாலடி பைப்பும் மாட்டி, தண்ணீரைச் செடிப்பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அரை மணி நேர வேலை. மோட்டார் இன்னமும் மறந்துதான் போகிறது. வாழைக்கு நல்ல தண்ணீர்.